அமெரிக்கச் சிறுகதை வரலாறு – 9: தொப்பி நிறையத் திராட்சை

1887 ஆகஸ்ட் மாத 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில், வட கரோலினா மாநிலத்தில் நடக்கும் ஒரு சிறுகதை வெளியானது. தலைப்பை 'சூனியம் வைத்த திராட்சைக்கொடி' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். கதையை நமக்குச் சொல்பவர் ஜான். ஒஹாயோவிலிருந்து வந்த வெள்ளைக்காரர். திராட்சை பயிரிட்டுப் பழகியவர். மனைவி ஆனிக்கு உடம்பு சரியில்லை. குளிர் ஒத்துக்கொள்ளாது, தெற்கே போய்விடுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உள்நாட்டுப் போர் முடிந்திருக்கிறது, தெற்கில் நிலம் மலிவாகக் கிடைக்கிறது. பேட்ஸ்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் பழைய தோட்டம் ஒன்றைக் கணவனும் மனைவியும் பார்க்கப் போகிறார்கள். அங்கே ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்து, தொப்பி நிறையத் திராட்சையை வைத்துக்கொண்டு தின்றுகொண்டிருக்கிறார் கறுப்பினக் கிழவர் ஒருவர். பெயர் ஜூலியஸ். அந்தத் தோட்டத்திலேயே அடிமையாக இருந்தவர்.

இந்த இடத்தை வாங்காதீர்கள், சூனியம் வைத்தது என்கிறார் அவர். ஏன் என்று கேட்டதும் கதை தொடங்குகிறது.

போருக்கு முன் தோட்டம் டூகல் மெக்கடூ என்பவருக்குச் சொந்தம். அடிமைகள் பழத்தைத் தின்றுவிடுகிறார்கள் என்பது அவருடைய தீராத கவலை. பத்து டாலர் கொடுத்துப் பெக்கி என்ற சூனியக்காரக் கிழவியைக் கொண்டு கொடிகளுக்குச் சூனியம் வைக்கிறார். இனி எந்த அடிமை தின்றாலும் ஒரு வருடத்துக்குள் சாவு. புதிதாக வாங்கி வரப்பட்ட ஹென்றி விஷயம் தெரியாமல் தின்றுவிடுகிறான். வழுக்கைத் தலை, வயதானவன். பெக்கி அவனுக்கு ஒரு பரிகாரம் சொல்கிறாள்: வசந்தத்தில் கொடியைக் கவாத்து செய்யும்போது வடிகிற பாலை எடுத்துத் தலையில் தேய்த்துக்கொள். தேய்த்துக்கொள்கிறான். அன்று முதல் கொடி துளிர்க்கும்போது ஹென்றிக்கும் இளமை திரும்புகிறது, தலையில் முடி முளைக்கிறது. இலை உதிரும்போது முடியும் கொட்டி, மூட்டும் பிடித்துக்கொள்கிறது. முதலாளி இதைக் கவனித்துவிடுகிறார். வசந்தத்தில் ஹென்றியை 1500 டாலருக்கு விற்பார். இலையுதிர் காலத்தில் அவன் தளர்ந்து விழும்போது, நொந்துபோயிருக்கும் புது முதலாளியிடமிருந்து 500 டாலருக்குத் திரும்ப வாங்கிக்கொள்வார். வருடத்துக்கு ஆயிரம் டாலர் லாபம். இப்படியே பல வருடங்கள். பிறகு வடக்கிலிருந்து வந்த ஒருவன், விளைச்சலைப் பெருக்கிக் காட்டுகிறேன் என்று வேரை ஒட்டித் தோண்டி எதையெதையோ கலந்து போடுகிறான். கொடிகள் செழித்துப் பின் கருகுகின்றன. அவற்றோடு ஹென்றியும் சாகிறான்.

ஜான் இதைக் கேட்டுவிட்டுத் தோட்டத்தை வாங்கிவிடுகிறார். ஜூலியஸ் பல வருடங்களாக அங்கே ஒரு குடிசையில் இருந்துகொண்டு, கவனிப்பாரற்ற திராட்சையில் நல்ல வருமானம் பார்த்துவந்தார் என்பது அவருக்குப் பிறகு தெரிகிறது. கிழவர் தன் பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கதை கட்டினார் என்று முடிவுசெய்து, அவரை வண்டியோட்டியாக வேலைக்கு வைத்துக்கொள்கிறார். கணக்கு நேராகிவிட்டது என்று அவருக்குத் திருப்தி.

ஜான் கண்டுபிடித்தது பொய்யில்லை, ஆனால் பாதிதான். ஒரு மனிதன் பருவத்துக்குப் பருவம் விலையேறி விலையிறங்கும் சரக்காக இருந்தான் என்பதை ஜூலியஸ் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். வடக்கிலிருந்து வந்து, விளைச்சல் ஆசையில் கொடியையும் ஆளையும் கொன்ற ஒருவனைப் பற்றியும், வடக்கிலிருந்து விளைச்சல் ஆசையோடு வந்திருக்கும் ஒருவரிடமே சொல்லியிருக்கிறார். ஜான் காதில் விழுந்தது சூனியக் கதை மட்டும். கதையை நமக்குக் கொண்டுவந்து தருபவருக்கே கதை பிடிபடவில்லை. அதனால் வாசகர் அவரைத் தாண்டிப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கச் சிறுகதையில் ஊர் எது என்ற கேள்வியையும் சொல்பவர் யார் என்ற கேள்வியையும் இவ்வளவு கூர்மையாக ஒன்றாக முடிச்சுப்போட்ட எழுத்து அதற்கு முன் இல்லை என்றே நினைக்கிறேன். அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது, அங்கிருந்து எங்கே போனது என்பதுதான் இந்தப் பகுதி.

அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். 1835இல் அகஸ்டஸ் பால்ட்வின் லாங்ஸ்ட்ரீட் என்ற வழக்கறிஞர் 'ஜார்ஜியா காட்சிகள்' என்ற நூலை வெளியிட்டார். குடியேற்ற எல்லைப்புறத்தின் குதிரை வியாபாரம், கைச்சண்டை, குடி, நடனம் எல்லாம் அதில் உண்டு. ஊர்க்காரர்களின் பேச்சு உச்சரிப்போடு அச்சாகியிருக்கும். ஆனால் அந்தப் பேச்சைச் சுற்றிலும் கதைசொல்லியின் சுத்தமான, படித்த ஆங்கிலம் வேலி போட்டிருக்கும். கைச்சண்டையில் காதையும் மூக்கையும் கடித்துத் துப்புகிறவர்களைப் பற்றிச் சொல்லும்போது, தான் அவர்களில் ஒருவன் இல்லை என்பதைக் கதைசொல்லி ஒவ்வொரு வரியிலும் உறுதிசெய்துகொள்கிறார்.

நியூயார்க்கிலிருந்து வில்லியம் டி. போர்ட்டர் நடத்திய 'ஸ்பிரிட் ஆஃப் த டைம்ஸ்' என்ற பத்திரிகை இந்த முறையை வளர்த்தது. குதிரைப் பந்தயமும் வேட்டையும் அதன் முக்கிய விஷயம். வாசகர்கள் வசதியுள்ள ஆண்கள். 1841இல் அதில் தாமஸ் பேங்ஸ் தார்ப் எழுதிய 'ஆர்கன்சாவின் பெரிய கரடி' வந்தது. மிசிசிப்பி ஆற்றில் போகும் நீராவிப் படகில் ஒரு கனவான் உட்கார்ந்திருக்கிறார். ஆர்கன்சாக்காரர் ஜிம் டாகெட் உள்ளே நுழைந்து தன் ஊரின் மண் வளத்தையும் தான் துரத்திய கரடியையும் பற்றி அளக்கத் தொடங்குகிறார். அந்த அளப்பில்தான் கதையின் உயிர் இருக்கிறது. ஆனாலும் தொடக்கமும் முடிவும் கனவான் கையில். கதைக்குள் கதை வைக்கும் இந்த அமைப்பைச் சட்டகம் என்று சொல்லலாம். வாசகரும் கனவானும் சட்டகத்துக்கு இந்தப் பக்கம். ஊர்க்காரர் அந்தப் பக்கம்.

மார்க் ட்வெய்ன் இதைத் தலைகீழாகத் திருப்பினார். 1865 குளிர்காலத்தில் கேலிஃபோர்னியாவின் ஏஞ்சல்ஸ் கேம்ப் என்ற சுரங்க ஊரில் கேட்ட ஒரு தவளைக் கதையை எழுதி அனுப்பினார். அது அந்த வருடம் நவம்பர் 18 அன்று நியூயார்க் 'சாட்டர்டே பிரஸ்' இதழில் வந்தது. படித்த கதைசொல்லி ஒருவரைத் தேடிப் போகிறார். சைமன் வீலர் என்ற கிழவர் அவரை மூலையில் மடக்கி, நாற்காலியால் வழியை அடைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்காத கதையைச் சொல்லிக்கொண்டே போகிறார். வழக்கமாக நாட்டுப்புறத்தான்தான் கேலிப்பொருள். இங்கே பொறியில் மாட்டியவர் பட்டணத்துக்காரர். இதன் பெருமையை அமெரிக்க விமர்சகர்கள் விரிவாகப் பேசியாகிவிட்டது, நான் நீட்டவில்லை. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்வோம்: சட்டகம் இன்னும் நின்றது, ஆனால் அதற்குள் இருந்தவர் கை ஓங்கிவிட்டது.

போருக்குப் பின் வட்டாரக் கதைக்குப் பெரிய சந்தை உருவானது. நான்கு வருடம் ஒருவரையொருவர் கொன்றுகொண்ட நாடு, தன் மூலைமுடுக்குகளைத் தெரிந்துகொள்ள விரும்பியது. 1869இல் ரயில்பாதை கண்டத்தின் இரு கரைகளையும் இணைத்தது. பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இருந்த மாத இதழ்கள் மெய்ன் மாநிலத்து மீன்பிடி ஊர்களையும் லூயிசியானாவின் சதுப்புநிலங்களையும் சியரா மலைச் சுரங்கங்களையும் கேட்டு வாங்கின. ஊரைப் பற்றி எழுதினார்கள். ஊரில் இல்லாதவர்களுக்காக எழுதினார்கள். அந்தப் பேரத்தில் மிக அநியாயமாக நடத்தப்பட்டவர்கள் தெற்கின் கறுப்பின மக்கள். ஜார்ஜியாவின் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ், அடிமைகளிடம் கேட்ட விலங்குக் கதைகளை 'ரீமஸ் மாமா' என்ற முதியவர் வாயில் வைத்து 1880இல் நூலாக்கினார். மாமா கதை சொல்வது தோட்ட முதலாளி வீட்டு வெள்ளைக்காரச் சிறுவனுக்கு. வர்ஜீனியாவின் தாமஸ் நெல்சன் பேஜ் இன்னும் ஒரு படி போனார். அவருடைய கதைகளில் விடுதலையான முன்னாள் அடிமைகளே பழைய நாட்களை நினைத்து ஏங்குகிறார்கள். முதலாளிகள் கேட்க விரும்பியதை அடிமைகளின் உச்சரிப்பில் சொல்லவைத்த எழுத்து அது. அந்த மொழி எவ்வளவு நுட்பமாகப் பதிவாகியிருக்கிறதோ, அவ்வளவு ஆபத்தானது.

திராட்சைக்கொடிக் கதையை எழுதிய செஸ்நட் நுழைந்தது இந்த இடத்தில். சார்லஸ் செஸ்நட் 1858இல் கிளீவ்லாந்தில் பிறந்தவர். பெற்றோர் வட கரோலினாவின் ஃபேயட்வில் ஊரைச் சேர்ந்த, அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினத்தவர்கள். போர் முடிந்ததும் குடும்பம் ஊர் திரும்பியது. கதைகளில் வரும் பேட்ஸ்வில் அந்த ஃபேயட்வில்தான். பார்வைக்கு வெள்ளையர் போலவே இருந்தார். விரும்பியிருந்தால் அப்படியே வாழ்ந்துவிட்டிருக்கலாம். அதை மறுத்துவிட்டார். 22 வயது முடிவதற்கு முன்பே, 1880இல், தான் எழுதப்போகும் புத்தகங்கள் யாருக்கானவை என்று நாட்குறிப்பில் தெளிவாக எழுதிவைத்தார்: திருத்த வேண்டியது வெள்ளையர்களின் மனத்தை. அதை நேராகத் தாக்கிப் பிடிக்க முடியாது. அவர்களை மகிழ்வித்துக்கொண்டே, அவர்கள் அறியாமல் அடியில் சுரங்கம் தோண்டிப் போக வேண்டும்.

ஏழு வருடம் கழித்து அதைத்தான் செய்தார். ஹாரிஸின் கிழவரையும் பேஜின் பேச்சுவழக்கையும் எடுத்துக்கொண்டார். வெள்ளைக்காரக் கதைசொல்லியை அப்படியே வைத்தார். இதழ் வாசகர்கள் பழகிய சட்டகத்துக்குள் பழகாத ஒன்றை வைத்து அனுப்பினார். எழுதியவர் கறுப்பினத்தவர் என்பது இதழில் வரவில்லை.

அடுத்த வருடம் அதே இதழில் வந்த 'பாவம் சாண்டி' கதையில் இந்த முறை இன்னும் ஆழமாகப் போகிறது. சாண்டி நல்ல வேலைக்காரன் என்பதால் முதலாளி அவனைப் பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் மாறி மாறி இரவல் கொடுக்கிறார். ஓரிடத்தில் நிலையாக இருக்க வேண்டும் என்பதற்காக, மாந்திரீகம் தெரிந்த அவன் மனைவி டெனி அவனை மரமாக மாற்றிவிடுகிறாள். ஒருநாள் அவளை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, சமையற்கட்டு கட்ட அந்த மரத்தையே வெட்டி அறுத்துப் பலகையாக்கிவிடுகிறார்கள். அந்தப் பலகைகள் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகின்றன. இப்போது ஜான் அந்தப் பழைய பள்ளிக்கூடத்தைப் பிரித்துத் தன் வீட்டுக்குச் சமையற்கட்டு கட்ட நினைக்கிறார். கதையைக் கேட்ட ஆனி, மனிதர்களை இப்படி ஆக்கி வைத்த ஏற்பாடு எப்படிப்பட்டது என்று கலங்கிப்போகிறாள். ஒரு மனிதன் மரமாவதை நம்புகிறாயா என்று ஜான் வியக்கிறார். அவள் அந்த மரக்கதையை நம்பவில்லை. அதன் உண்மையை நம்புகிறாள். புது மரம் வாங்கிக் கட்டுங்கள் என்கிறாள். ஜூலியஸ் சேர்ந்த தேவாலயச் சபையினர் கூடுவதற்கு அந்தக் கட்டடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது பிறகு வெளியாகிறது. ஜான் மறுபடியும் தான் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கிறார்.

ஒரே கதை, இரண்டு செவிகள். கதையைச் சொல்வது ஜான். கதையைக் கேட்டது ஆனி. எந்தச் செவியோடு படிப்பது என்பதை வாசகர் தேர்ந்துகொள்ளட்டும் என்று செஸ்நட் விட்டுவிடுகிறார். இந்த நம்பிக்கையில் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. ஜானை வில்லனாக்கியிருந்தால் கதை எளிதாக முடிந்திருக்கும். ஜான் நல்லவர், நியாயமானவர், கூலியை ஒழுங்காகக் கொடுப்பவர். அப்படிப்பட்டவருக்கும் காது கேட்காமல் போகலாம் என்பதுதான் அந்த இதழை வாங்கிய நல்லவர்களுக்குக் கிடைத்த செய்தி.

இந்தக் கதைகள் ஏழு சேர்ந்து 1899இல் 'சூனியக்காரி' என்ற தொகுப்பாக வந்தன. பதிப்பாளர்கள் அட்டையில் ஒரு கறுப்பினக் கிழவரின் முகத்தையும் அதன் இருபுறமும் முயல்களையும் போட்டார்கள். ஹாரிஸின் வாசகர்களை இழுக்க வேண்டுமே. அந்த வருடமே செஸ்நட் தன் சுருக்கெழுத்துத் தொழிலை விட்டு முழுநேர எழுத்தாளரானார். வில்மிங்டன் நகரில் 1898இல் வெள்ளையர் நடத்திய வெறியாட்டத்தை வைத்து, 1901இல் நேரடியாகவே ஒரு நாவல் எழுதினார். விற்கவில்லை. சுருக்கெழுத்துக்கே திரும்பினார். 1932இல் இறந்தார். சட்டகத்துக்குள் இருந்தவரைக்கும் வரவேற்ற வாசகர்கள், அதை விட்டு வெளியே வந்து பேசியபோது முகம் திருப்பிக்கொண்டார்கள்.

இதே ஆண்டுகளில் வடக்கே மெய்ன் கடற்கரையில் இன்னொரு வகை மாற்றம் நடந்துகொண்டிருந்தது. சாரா ஓர்ன் ஜூவெட் சவுத் பெர்விக் என்ற ஊரில் மருத்துவரின் மகளாகப் பிறந்தவர். 1886இல் வந்த அவருடைய 'வெள்ளைக் கொக்கு' கதையில், பறவைகளைச் சுட்டுப் பதப்படுத்திச் சேகரிக்கும் இளைஞன் ஒருவன் காட்டோரப் பண்ணைக்கு வருகிறான். கொக்கின் கூட்டைக் காட்டுகிறவருக்குப் பத்து டாலர் என்கிறான். ஒன்பது வயதுச் சிறுமி சில்வியா விடியலுக்கு முன் உயரமான பைன் மரத்தில் ஏறிக் கூட்டைக் கண்டுபிடித்துவிடுகிறாள். இறங்கி வந்து வாயைத் திறக்க மறுக்கிறாள். வெளியூர்க்காரன் வருகிறான், ஊரின் அரிய பொருளைக் கேட்கிறான், பணம் தருகிறேன் என்கிறான். வட்டாரக் கதையின் வியாபாரமே அதுதான். அந்த வியாபாரத்தில் வாழ்ந்த ஒருவர், சொல்லமாட்டேன் என்ற சிறுமியைத் தன் மிகச் சிறந்த கதையின் நாயகி ஆக்கியிருக்கிறார்.

பத்து வருடம் கழித்து 'கூர்முனைப் பைன்களின் நாடு' தொடராக வந்தது. பெயர் சொல்லாத எழுத்தாளர் ஒருத்தி கோடையைக் கழிக்க டன்னெட் லேண்டிங் என்ற கடலோர ஊருக்கு வருகிறாள். மூலிகை மருத்துவம் பார்க்கும் திருமதி டாட் வீட்டில் தங்குகிறாள். எழுதுவதற்கு அமைதி வேண்டும் என்று, விடுமுறையில் மூடிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தை வாரம் ஐம்பது சென்ட் வாடகைக்கு எடுக்கிறாள். அங்கே உட்கார்ந்து அவள் பெரிதாக எதையும் எழுதுவதாகத் தெரியவில்லை. மாறாக, பழைய கப்பல் தலைவர்கள், தீவில் தனித்திருக்கும் வயதான தாய், அவளுடைய கூச்ச சுபாவமுள்ள மகன் என்று ஒவ்வொருவர் வாசலாக அழைத்துச் செல்லப்படுகிறாள். இங்கே கதைசொல்லி ஊர்க்காரர்களைவிட மேலே நிற்கவில்லை. விருந்தாளியாக நிற்கிறாள்; எப்போது கேட்பது, எப்போது பேசாமல் இருப்பது என்று திருமதி டாட்டிடம் கற்றுக்கொள்கிறாள். பெரிய சம்பவம் எதுவும் நடக்காத புத்தகம். வேகமாகப் படிப்பவர்களுக்குக் கையில் ஒன்றும் நிற்காது.

1908இல் பாஸ்டனில் ஜூவெட்டைச் சந்தித்தார் நியூயார்க் 'மெக்ளூர்ஸ்' இதழின் ஆசிரியர் குழுவில் இருந்த வில்லா கேதர். அந்த வருடக் கடைசியில் ஜூவெட் அவருக்கு எழுதிய கடிதங்கள் நோக்குநிலை பற்றிப் படைப்பாளிகள் பேசியவற்றில் மிக நேர்மையானவை. கேதர் ஒரு கதையைக் காதலிக்கும் ஆணின் வாயால் சொல்லியிருந்தார். அது வேடம் போடுவது போல இருக்கிறது, அந்த அன்பைப் பெண்ணாகவே சொல்லியிருக்கலாமே என்று ஜூவெட் கேட்டார். இன்னொரு கடிதத்தில், பத்திரிகை வேலை உன்னைத் தின்றுவிடும், உனக்கென்று இருக்கும் மண்ணிலிருந்து எழுத நேரம் எடுத்துக்கொள் என்றார். மறு வருடம் இறந்துபோனார். கேதர் 1913இல் வெளியிட்ட நெப்ராஸ்கா நாவலை ஜூவெட்டுக்குக் காணிக்கையாக்கினார். ஆனால் ஆண் கதைசொல்லியைக் கைவிடவில்லை. 1918இல் 'மை ஆன்டோனியா'வை ஜிம் பர்டன் என்ற ஆணைக் கொண்டே சொன்னார். ஆசானின் ஓர் அறிவுரையை ஏற்று இன்னொன்றை மறுத்த அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

அடுத்த தலைமுறையில் இதேபோல் ஓர் அறிவுரை நியூ ஆர்லியன்ஸில் கிடைத்தது. ஒஹாயோவின் சிற்றூர் வாழ்க்கையை 'வைன்ஸ்பர்க், ஒஹாயோ' என்று 1919இல் எழுதிப் புகழ்பெற்றிருந்த ஷெர்வுட் ஆண்டர்சன், 1925இல் அங்கே பழகிய வில்லியம் ஃபாக்னரிடம், உனக்குத் தெரிந்த அந்தச் சின்ன மிசிசிப்பி மண்ணையே எழுது என்றார். ஃபாக்னர் அந்த மண்ணுக்கு யோக்னபடாஃபா கவுண்டி என்று பெயர் வைத்தார். அதன் தலைநகர் ஜெஃபர்சன். 1930 ஏப்ரலில் 'ஃபோரம்' இதழில் வந்த 'எமிலிக்கு ஒரு ரோஜா' அந்த ஊர்க் கதை.

அதைச் சொல்வது ஊர். தனி மனிதர் யாருமில்லை. நாங்கள் பார்த்தோம், நாங்கள் நினைத்தோம் என்று ஒரு கூட்டுக்குரல் பேசுகிறது. மிஸ் எமிலி கிரியர்சனின் சாவுக்கு ஊரே வருவதில் தொடங்கி, காலம் முன்னும் பின்னுமாக ஓடுகிறது. தந்தை இறந்தது, வடக்கிலிருந்து நடைபாதை போட வந்த ஹோமர் பாரனோடு அவள் வண்டியில் சுற்றியது, கடையில் ஆர்சனிக் வாங்கியது, வீட்டைச் சுற்றி எழுந்த நாற்றம், இரவில் ஆட்கள் ரகசியமாகப் போய்ச் சுண்ணாம்பு தூவியது எல்லாம் ஊருக்குத் தெரியும். தெரிந்ததை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத்தான் ஊருக்கு மனமில்லை. பழைய குடும்பத்துப் பெண் என்ற மரியாதை அதைத் தடுக்கிறது. காலவரிசையைக் குலைத்திருப்பது ஃபாக்னரின் வித்தை என்று சொல்வார்கள். எனக்கு அது ஊரின் மனசாட்சி செய்யும் வேலையாகவே படுகிறது. வரிசையாகச் சொன்னால் அவர்களுக்கே முன்பே புரிந்திருக்கும்.

அந்த வீட்டில் டோப் என்று ஒரு கறுப்பின வேலைக்காரர் இருக்கிறார். பல பத்தாண்டுகள் கூடையோடு கடைக்குப் போய்வருகிறார். உள்ளே நடந்தது முழுவதும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எமிலி இறந்த பின் வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, வீட்டின் ஊடாக நடந்து பின்வாசல் வழியே வெளியேறுகிறார். அவரைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அந்தக் கூட்டுக்குரலில் அவர் சேர்த்தி இல்லை என்பதை ஃபாக்னர் விளக்கவில்லை, ஒரு வாக்கியத்தில் காட்டிவிட்டுப் போகிறார். ஜூலியஸைக் கேட்க ஜானாவது உட்கார்ந்தார். டோப்பை யாரும் கேட்கவே இல்லை.

1963 ஜூன் 12. நள்ளிரவு தாண்டி, மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில், சிவில் உரிமை இயக்கத் தலைவர் மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலில் வண்டியிலிருந்து இறங்கும்போது முதுகில் சுடப்பட்டார். அதே நகரில் வாழ்ந்தவர் யூடோரா வெல்டி. ஜாக்சனிலேயே பிறந்தவர், முப்பதுகளில் அரசு வேலைக்காக மாநிலம் முழுக்கச் சுற்றிப் படம் எடுத்தவர், அப்போது வயது 54. செய்தி கேட்டதும் ஒரே மூச்சில் ஒரு கதை எழுதினார். கொலையாளி இன்னும் பிடிபடவில்லை. கதையைச் சொல்வது அந்தக் கொலையாளி. தன்மையில், அவன் பேச்சில், மனைவியிடம் பேசும் தொனியில். தொலைக்காட்சியில் அந்தக் கறுப்பினத்தவனின் முகத்தைப் பார்த்து வந்த எரிச்சல், புழுங்கும் இரவு, காத்திருந்து சுட்டது, வீட்டுக்கு வந்து கிடைத்த ஏமாற்றம். அவனுக்கு எதிராக ஆசிரியர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அதனாலேயே அதைப் படிப்பது கஷ்டம்.

'நியூயார்க்கர்' உடனே ஏற்றுக்கொண்டது. இதழ் வருவதற்குள் பைரன் டி லா பெக்வித் என்பவர் கைது செய்யப்பட்டார். வழக்கைப் பாதிக்காமலிருக்க, கதையில் பெயர்களையும் சில விவரங்களையும் மாற்ற வேண்டியிருந்தது. ஜாக்சன் தெர்மாபிலி ஆனது. ஜூலை 6 இதழில் 'அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது?' வெளியானது. கொலையாளி யாரென்று தெரியாவிட்டாலும், அப்படிப்பட்டவன் எந்த மண்ணிலிருந்து எப்படி உருவாகிறான் என்பது அங்கேயே வாழ்ந்த தனக்குத் தெரியும் என்று வெல்டி பின்னால் எழுதினார். ஒரு விஷயத்தில் அவர் கணிப்பு தவறியது. கதையில் கொலைகாரன் ஏழை வெள்ளையன். பெக்வித்தோ நொடித்துப்போன, ஆனால் பெயருள்ள குடும்பத்தவர். 1964இல் இரண்டு முறை நடந்த விசாரணையிலும் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரிகள் ஒருமித்த தீர்ப்புக்கு வரவில்லை. தண்டனை கிடைக்க 1994 வரை ஆனது. லாங்ஸ்ட்ரீட்டின் கதைசொல்லி கைச்சண்டைக்காரர்களிடமிருந்து தன்னை விலக்கிக்கொள்ள அவ்வளவு பாடுபட்டார். வெல்டி அந்த இடைவெளியைத் தானே நீக்கிக்கொண்டு, தன் ஊரின் மிகக் கேவலமான மனத்துக்குள் போய் உட்கார்ந்தார். ஊரை நேசித்ததனால்தான் அதைச் செய்ய முடிந்தது என்று நம்புகிறேன்.

ஆனால் ஜூலியஸும் டோப்பும் இன்னும் சட்டகத்துக்கு வெளியே வந்து பேசவில்லை. இருபதுகளிலேயே ஃபுளோரிடாவின் ஈட்டன்வில் ஊரின் கடைத்திண்ணைப் பேச்சைத் தன் கதைகளுக்குள் கொண்டுவந்த சோரா நீல் ஹர்ஸ்டன் இருந்தார். அவரைப் பற்றித் தனிப் பகுதியே எழுத வேண்டும். இங்கே 1973க்கு வருகிறேன். அந்த ஏப்ரல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் ஆலிஸ் வாக்கரின் 'அன்றாடப் பயன்பாடு' வந்தது. சொல்பவள் தெற்கின் கிராமத்துக் கறுப்பினத் தாய். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் மூடப்பட்டுப் படிப்பு நின்றவள். பன்றியைக் கொன்று சுத்தம் செய்யும் பலமுள்ள கைகள். பட்டணத்தில் படித்த மூத்த மகள் டீ ஊருக்கு வருகிறாள். வண்டியிலிருந்து இறங்கியதும் போலராய்ட் கேமராவை எடுத்து, அம்மாவையும் வீட்டையும் படம் எடுக்கத் தொடங்குகிறாள். ஒவ்வொரு படத்திலும் வீடு விழ வேண்டும் என்பதில் கவனமாக இருக்கிறாள். முன்பு வீட்டைப் பார்த்து வெட்கப்பட்டவள் அவள். இப்போது பாட்டி தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளைச் சுவரில் மாட்டக் கேட்கிறாள். அம்மா அவற்றைப் பிடுங்கி, தீயில் வெந்த தழும்புகளோடு மூலையில் ஒதுங்கி நிற்கும் இளையவள் மேகியின் மடியில் போடுகிறாள்.

கேமராவோடு வருபவளும் ஊர்க்காரிதான், அவளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வாக்கர் தன்னையே ஓரளவு டீயில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆனாலும் நூற்றாண்டுக் காலம் நீடித்த ஏற்பாடு இங்கே புரண்டுவிட்டது. வந்தவர் பார்த்ததை எழுதவில்லை. வந்தவளை வீட்டுக்காரி பார்த்துச் சொல்கிறாள்.

ஆலிஸ் வாக்கர் பிறந்தது ஜார்ஜியாவின் ஈட்டன்டன் ஊருக்கு வெளியே. ரீமஸ் மாமாவை எழுதிய ஹாரிஸ் பிறந்ததும் அதே ஈட்டன்டன்தான். 1963இல் அங்கே ரீமஸ் மாமாவுக்கு ஓர் அருங்காட்சியகமே திறந்தார்கள். தன் பெற்றோரிடம் கேட்டு வளர்ந்த கதைகளைப் பற்றித் தன்னை வெட்கப்படும்படி ஆக்கியவர் ஹாரிஸ் என்று வாக்கர் பின்னாளில் கட்டுரை எழுதி நேரடியாகவே குற்றம் சாட்டினார். அதே ஊரிலிருந்து சாலையில் சற்றுத் தூரம் தெற்கே போனால் மில்லட்ஜ்வில். ஃபிளானரி ஓ'கானர் மயில்கள் வளர்த்துக்கொண்டு கதை எழுதிய பண்ணை அங்கே இருக்கிறது. 1952இல் வாக்கர் குடும்பம் அந்தச் சாலையில்தான் குத்தகை விவசாயிகளாகக் குடியிருந்தது. இரண்டு வீடுகளுக்கும் இடையே சில நிமிடத் தூரம். அந்தச் சாலையையும், வெள்ளைக்காரப் பாத்திரங்களின் தலைக்குள் தாராளமாகப் போன ஓ'கானர் கறுப்பினப் பாத்திரங்களின் தலைக்குள் போகாமல் நின்றது ஏன் என்பதையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.